கீழறைக்குப் போகாத கடிதம்

போன பதிவுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டு வைஃபையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் மாட்டிவிட்டுப் போன பெட்டிகள் மூலையில் மினுக்கிக்கொண்டுதான் இருக்கும். என்றைக்காவது உதவும்.

என் மனைவி அக்டோபர் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆனது. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். ஆனால் தனியாக எழுந்திருக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உத்தரவுக்குக் கட்டுப்படும் பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. உதவிக்கு வரும் பெண் மதியம் ஒரு மணிக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்களுடையது பழைய வீடு. ஒன்றரை அடிச் சுவர், மேலே தேக்கு உத்தரம் போட்ட தளம். அவள் படுக்கை கீழறையில். என் மேஜையும் கம்ப்யூட்டரும் மாடியில். மதியம் அவள் கண்ணயர்ந்த பிறகு நான் மாடிக்குப் போய் எழுதுவேன். கூப்பிட்டால் வருவதற்காக ஒரு பித்தளை மணி வாங்கிக் கொடுத்திருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் நாலு மணிக்கு இறங்கி வந்து பார்க்கிறேன், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நின்று, கால் தாங்காமல் மெல்லச் சரிந்திருக்கிறாள். அடி ஒன்றும் படவில்லை. முக்கால் மணி நேரமாக மணி அடித்தாளாம். மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மின்விசிறி என்று இங்கே எழுதுகிறேன். காது என்று அவள் சொல்கிறாள்.

“கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் என்ன?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவளிடம் கேட்டேன். “வேணாங்க. நாள் முழுக்க என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா எனக்குத்தான் மூச்சு முட்டும். மேல போய் எழுதுங்க” என்றாள். ஐம்பது வருடம் ஆகப்போகிறது, அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆகவே ஒரு வைஃபை கேமரா வாங்கினேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: உடம்பு துடைக்கும்போதும் புடவை மாற்றும்போதும் அதன் மேல் துண்டு போட்டு மூடிவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன். செல்பேசியில் ஆப் வழியாகப் படம் வந்தது. ஆனால் அந்தப் படம் எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. சில நொடிகள் தாமதம். இணையம் அறுந்தால் அதுவும் இல்லை. என் மனைவி படுத்திருக்கும் படம் ஊர் சுற்றிவிட்டு வருவதும் எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு அந்தச் செல்பேசி எப்போதும் அவள் தலைமாட்டில்தான் இருக்கும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கீழே இருக்கும் கேமராவின் படம், வீட்டுக்குள்ளேயே, மாடியில் என் பெரிய திரையின் ஒரு மூலையில் தெரிய வேண்டும். கேமராவோடு வந்த தாளில் அதற்கு வழி போட்டிருந்தது. விஎல்சி என்ற இலவச மென்பொருளில் கேமராவின் முகவரியைக் கொடுத்தால் படம் நேராக வருமாம். கொடுத்தேன். வரவில்லை.

இங்கே எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். கம்பத்திலிருந்து ஃபைபர் கம்பி மொட்டைமாடி வழியாக வந்து மாடி அறையில் இறங்குகிறது. அங்கே கம்பெனிக்காரர்கள் வைத்த பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் என் கம்ப்யூட்டருக்கு, இன்னொரு நீளக் கேபிள் மாடிப்படி ஓரமாகக் கீழறைக்கு. கீழே அந்தக் கேபிளின் முனையில் மகன் ஒரு வைஃபை ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தான். மேல் பெட்டியின் வைஃபை இந்தச் சுவர்களைத் தாண்டி இறங்காது. இரண்டு பெயர் இருந்தால் அம்மா குழம்புவாள் என்று அதை அவன் அணைத்தே வைத்துவிட்டான். ஆக, மாடியில் கம்பி, கீழே காற்று. இரண்டு இடத்திலும் இணையம் நன்றாகவே வந்தது. அதனால்தான் இத்தனை வருடம் ஒன்றும் தெரியவில்லை.

கம்ப்யூட்டரின் எண்ணைப் பார்த்தேன்: 192.168.1.10. கேமராவின் எண்: 192.168.0.105. எனக்கு இந்த எண்கள் பிரெஞ்சில்தான் வாயில் வரும். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் ப்ரெவே வரை பிரெஞ்சுதான். கணக்கு இன்னமும் மனசுக்குள் பிரெஞ்சிலேயே ஓடும். 192 என்பதை ‘சான் கத்ர்-வேன்-தூஸ்’ என்று சொல்ல வேண்டும், அதாவது நூறு, நாலு இருபது, பன்னிரண்டு. கீழே உட்கார்ந்து நான் இப்படி முணுமுணுப்பதைக் கேட்டு, “மந்திரமா சொல்றீங்க?” என்றாள் என் மனைவி. அவள் வில்லியனூர்க்காரி, தமிழ் மீடியம்.

எண்ணில் மூன்றாவது இடம் மாறியிருப்பதைப் பார்த்தேன். மாடிக்கு 1, கீழே 0. இது எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் நான் வேலை பார்த்தது தபால் பிரிவில்.

அஞ்சல் துறை பின்கோடு கொண்டுவந்தது 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி. நான் அரசாங்க வேலைக்கு வந்த புதிது. ஆறு இலக்கத்தில் முதல் மூன்றைப் பார்த்தால் எந்த வட்டாரத்துக்கு மூட்டை போக வேண்டும் என்று தெரிந்துவிடும், கடைசி மூன்று அங்கே எந்த அஞ்சலகம் என்று சொல்லும். நம் புதுவை அரசாங்கமோ நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. புதுச்சேரி 605001. காரைக்கால் 609602. மாஹே 673310, அது கேரளத்துக் கோழிக்கோட்டுப் பக்கத்து எண். யானம் 533464, அது ஆந்திரத்தின் கோதாவரிப் பக்கம். அரசாங்கம் ஒன்று, முத்திரை ஒன்று, ஆனால் மாஹே கடிதத்தை யானத்து மூட்டையில் போட்டால் அது போய்ச் சேராது. கம்ப்யூட்டர் எண்ணிலும் இதே ஏற்பாடுதான். 255.255.255.0 என்று கூடவே ஒன்று எழுதியிருக்குமே, அதை ‘சப்நெட் மாஸ்க்’ என்பார்கள். முதல் மூன்று பகுதியும் ஊர், கடைசிப் பகுதி மட்டும் வீட்டு எண் என்று அது சொல்கிறது. ஆக, என் மாடி ஓர் ஊர், கீழறை வேறு ஊர். நடுவே பதினெட்டுப் படி.

ஊர் வேறாக இருந்தால் கம்ப்யூட்டர் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்காது. ‘கேட்வே’யிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பிரெஞ்சில் இதற்கு ‘பஸ்ரேல்’ என்று பெயர், நடந்து கடக்கிற சின்னப் பாலம். அந்தச் சொல் எனக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. என் கம்ப்யூட்டருக்குப் பாலம் மாடியில் இருக்கும் கம்பெனிப் பெட்டி, 192.168.1.1. கீழ் ரூட்டருக்கு இரண்டு முகம். மேலே பார்த்த முகம் 192.168.1.2, கீழறையைப் பார்த்த முகம் 192.168.0.1.

முதலில் ‘பிங்’ போட்டுப் பார்த்தேன். 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். இருக்கிறாயா என்று கேட்கும், இருக்கிறேன் என்று பதில் வரும். மேல் பெட்டியிடமிருந்து பதில் வந்தது. கீழ் ரூட்டரின் மேல்முகத்திலிருந்து வரவில்லை. கேபிள்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, முப்பது மீட்டர் புதுக் கேபிள் வாங்கி வந்து, ஆள் வைத்து ஆணி அடித்து மாற்றினேன். பதில் அப்போதும் வரவில்லை. கேபிள் போயிருந்தால் கீழே இணையம் எப்படி வந்திருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். அந்த மாதிரி ரூட்டர்கள் வெளிப்பக்கத்திலிருந்து யார் பிங் போட்டாலும் வாயைத் திறக்காது, அதுவே அதன் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. பழைய கேபிளைச் சுருட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.

அடுத்து ‘டிரேசர்ட்’. கடிதம் எந்தெந்தக் கை மாறிப் போகிறது என்று வரிசையாகக் காட்டும் கட்டளை. கேமராவின் எண்ணைக் கொடுத்துப் போட்டேன். முதல் வரியில் மேல் பெட்டி. இரண்டாவது வரியில் நான் பார்த்தேயிராத ஓர் எண், கம்பெனிக்காரர்களுடையது. அதன் பிறகு வெறும் நட்சத்திரக் குறிகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் படி இறங்கிக் கீழறைக்குப் போக வேண்டிய கடிதம், மொட்டைமாடி வழியாகக் கம்பம் ஏறித் தெருவுக்குப் போயிருக்கிறது. மேல் பெட்டிக்குக் கீழே ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தெரியாத ஊர்க் கடிதத்தையெல்லாம் அது வெளியே தள்ளிவிடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கீழே செல்பேசியிலிருந்து மாடிக் கம்ப்யூட்டருக்குப் பிங் போட்டால் பதில் உடனே வந்தது. கீழேயிருந்து மேலே வழி இருக்கிறது, மேலேயிருந்து கீழே இல்லை! இது இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது.

விஷயம் ‘நாட்’ என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் என்னைப் போன்ற எழுத்தர் தன் பெயரில் வெளியே கடிதம் அனுப்ப முடியாது. எல்லாம் அதிகாரி பெயரில்தான் போகும், மேலே கோப்பு எண் போடுவோம். பதில் அதிகாரி பெயருக்கு வரும். தபால் பிரிவில் நாங்கள் அந்தக் கோப்பு எண்ணைப் பதிவேட்டில் பார்த்து, இது இன்னார் கேட்டதற்கு வந்த பதில் என்று அவர் மேஜையில் கொண்டுபோய் வைப்போம். கீழ் ரூட்டரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கீழறையிலிருந்து போகும் எதையும் தன் பெயரை, அதாவது 192.168.1.2 என்று போட்டு அனுப்பும். பதில் வந்தால் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். ஆனால் கீழேயிருந்து யாரும் கேட்காமல், மேலேயிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால்? பதிவேட்டில் எண் இல்லை. கிழித்துப் போட்டுவிடும்.

நோய் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே உற்சாகம். வைத்தியம் இரண்டு. ஒன்று, என் கம்ப்யூட்டருக்கு வழி சொல்லிக் கொடுப்பது: 192.168.0 என்று தொடங்கும் கடிதமெல்லாம் மேல் பெட்டியிடம் போகாமல் நேராக 192.168.1.2இடம் போகட்டும். ‘ரூட் ஆட்’ என்று ஒரே வரிக் கட்டளை. நடுவில் ‘-பி’ என்று சேர்த்தால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் மறக்காது. இரண்டு, கீழ் ரூட்டரில் அந்த நாட் ஏற்பாட்டையும் அதன் காவலையும் எடுத்துவிடுவது. இரண்டையும் செய்தேன். ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. விஎல்சியைத் திறந்தேன். கறுப்புத் திரை ஒரு தரம் துடித்துவிட்டு, படம் வந்தது. கட்டில், ஜன்னல், நாள்காட்டி, சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் மனைவி. எழுபத்தைந்து வயதுக்கு மேல் மாடியில் தனியாக நின்று கை தட்டினேன்.

எங்கள் மகன் பிரான்சில் இருக்கிறான். பேத்திக்கு ஏழு வயது. தினமும் நம் நேரம் இரவு ஒன்பது மணிக்கு, குளிர்காலக் கணக்கில் அங்கே மாலை நாலரை, பள்ளி விட்டு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், இவளுக்குப் பிரெஞ்சு சுத்தமாக வராது. ஆனாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. விழுந்த பிறகு என் மனைவிக்கு நாள் என்பதே அந்த ஒன்பது மணியை நோக்கித்தான் நகர்கிறது.

அன்று எட்டரை மணிக்கு அவளுக்கு இட்லி கொடுத்துவிட்டு, என் சாதனையை இன்னொரு தரம் பார்க்க மாடிக்குப் போனேன். சில மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன். திரை மூலையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது ஆகிப் பத்து நிமிடம் இருக்கும், நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு, செல்பேசியை இரண்டு கையிலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. செல்பேசியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் நீட்டினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். படம் அத்தனை தெளிவு. அவள் உதடு அசைவதுகூடத் தெரிந்தது.

முழங்கால் வலியோடு படியிறங்கி ஓடினேன். “பாப்பா இன்னும் கூப்பிடலங்க. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ” என்றாள். செல்பேசியை வாங்கிப் பார்த்தேன். வைஃபை குறி முழுசாக இருக்கிறது. இணையம் இல்லை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் என் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் கீழறைக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். மேல் பெட்டிக்குச் சொல்லவில்லை. கீழ் ரூட்டர் இப்போது எதையும் தன் பெயரில் அனுப்புவதில்லை, செல்பேசியின் சொந்த எண்ணோடு அப்படியே விட்டுவிடுகிறது. கடிதம் மேல் பெட்டிவரை போகிறது. பதில் கொடுக்க வேண்டிய பெட்டிக்கு அந்த ஊர் எங்கே என்று தெரியாது. காரியம் போவதில் இல்லை, திரும்பி வருவதில்தான் நின்றுவிட்டது.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு தரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஓய்வூதியக் காகிதத்துக்காக மாஹேவுக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். பதிலே இல்லை. அங்குள்ளவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் பார்த்தால் அவர்கள் மூன்று முறையும் பதில் அனுப்பியிருக்கிறார்கள், நாங்கள் காலிசெய்துவிட்டு வந்த பழைய கட்டடத்து விலாசத்துக்கு. எங்கள் கடிதத் தாளின் தலைப்பில் அந்த விலாசத்தைத்தான் அச்சடித்து வைத்திருந்தோம். அந்த ஆசிரியருக்கு எட்டு மாதம் பணம் வரவில்லை. அவர் நடையாய் நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கீழ் ரூட்டரில் நாட்டைத் திரும்பப் போட்டேன். அது அணைந்து எழுந்து, செல்பேசி பிடித்து, எல்லாம் சரியாக ஒன்பதரை தாண்டிவிட்டது. நாங்கள் கூப்பிட்டபோது அங்கே யாரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை பேத்திக்கு நீச்சல் வகுப்பு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன், கேமராப் படமும் போயிருந்தது.

மறுநாள் கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். மேல் பெட்டியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், 192.168.0 ஊருக்கு 192.168.1.2 வழி என்று. பெட்டிக்குள் நுழைந்து தேடினால் என் கடவுச்சொல்லுக்கு அந்தப் பக்கமே திறக்கவில்லை. எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “மேல நெட் வருதுங்களா சார்? வருதுன்னா எங்க பக்கம் ஓகே சார். கீழ இருக்கிற ரூட்டர் எங்களோடது இல்ல சார்.” அவன் சொன்னதும் சரிதான்.

இந்த விஷயத்தை மகனிடம் கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் அன்று இரவு அவனே கேட்டான்: “என்னப்பா, நேத்து ஆயா போன எடுக்கலன்னு பாப்பா அழுதுக்கிட்டே நீச்சலுக்குப் போனா. என்ன ஆச்சு?” சொல்லிவிட்டேன். கேபிள் வாங்கியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தப்பு என்னோடதுப்பா. ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு அவசரத்துல மாட்டினேன். நெட் வந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். உங்களுக்கு எதுக்கு ரெண்டு நெட்வொர்க்? வழியே போட வேணாம். ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்க. ஜூலையில வரும்போது நானே பண்ணித் தரேன்” என்றான்.

ஜூலை வரை அவள் விழாமல் இருக்க வேண்டுமே. எழுதிக்கொள்கிறேன், சொல் என்றேன்.

சொன்னது இதுதான். கீழ் ரூட்டரின் பின்னால் நீல நிறத்தில் ஒரு துளை தனியாக இருக்கும், ‘வான்’ என்று போட்டிருக்கும் (ஆகாயம் இல்லை, வெளியுலகம்). கேபிள் அதில் இருக்கும்வரை அந்தப் பெட்டி ஓர் எல்லைச் சாவடி. கேபிளைப் பிடுங்கிப் பக்கத்தில் இருக்கும் ‘லான்’ துளைகளில் ஒன்றில் செருகிவிட்டால் அது சாவடி வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபை கம்பமாகிவிடும். ஆனால் அதற்கு முன்னால் அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மேல் ஊர் எண்ணாக மாற்ற வேண்டும், பிறகு ‘டிஎச்சிபி’யை அணைக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் கருவிகளுக்கெல்லாம் எண் வழங்கும் அதிகாரம் அது. ஒரு வீட்டில் இரண்டு பேர் எண் வழங்கினால் குழப்பம்தான். இனி மேல் பெட்டி மட்டும் வழங்கட்டும்.

வரிசை முக்கியம் என்று அவன் இரண்டு தரம் சொன்னான். முதலில் கேபிளைப் பிடுங்கு, பிறகு எண்ணை மாற்று, பிறகு டிஎச்சிபியை அணை, கடைசியில் லான் துளையில் கேபிள். நான் டிஎச்சிபியை முதலில் அணைத்துத் தொலைத்தேன். ரூட்டர் தானாக அணைந்து எழுந்தது. செல்பேசிக்கு எண் கொடுக்க ஆள் இல்லை, எண் இல்லாமல் ரூட்டருக்குள் நுழைய வழியில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதை. பின்னால் ஊசித்துளை ஒன்று இருக்கிறது, அதில் பத்து நொடி குத்தினால் பெட்டி பிறந்த மேனிக்கு வந்துவிடும். என் மனைவியின் கொண்டை ஊசியை வாங்கிக் குத்தினேன். “போன தடவை எதைப் பிடுங்கினீங்களோ அதைப் பிடுங்காதீங்க, மணி ஏழு” என்றாள்.

இரண்டாம் முறை வரிசைப்படி செய்தேன். வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்தேன், அதனால் செல்பேசியும் கேமராவும் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. கேமராவுக்கு இப்போது மேல் பெட்டி 192.168.1.104 என்று புது எண் கொடுத்திருந்தது. அது நாளை மாறிவிடக் கூடாதே என்று மேல் பெட்டியில் அந்த எண்ணைக் கேமராவுக்கென்றே ஒதுக்கிவைத்தேன். நல்லவேளை, அந்தப் பக்கத்தை மட்டும் கம்பெனிக்காரர்கள் எனக்குத் திறந்து வைத்திருந்தார்கள். கடைசியாக, கம்ப்யூட்டரில் நான் போட்ட வழியை ‘ரூட் டிலீட்’ போட்டு எடுத்தேன். இருந்தாலும் கெடுதல் இல்லை என்றான் மகன். ரத்தான உத்தரவு கோப்பில் கிடப்பது எனக்கு ஆகாது.

எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது இந்தப் பெட்டிகளைத் தொட்டால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மணி எட்டு ஐம்பதுக்கு மாடிக்குப் போய் விஎல்சியைத் திறந்தேன். படம் வந்தது. கீழே செல்பேசி ஒலித்தது, படி வழியாகவும் கேட்டது, திரையிலும் கேட்டது. பேத்தி என்னவோ நீளமாகப் பிரெஞ்சில் சொன்னாள். நேற்று முன்தினம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என் மனைவிக்குப் புரிந்திருக்க முடியாது. ஆனால் அவள் பதில் சொன்னாள்: “எல்லாம் உங்க தாத்தா பண்ண வேலை பாப்பா. அதோ மேல உட்கார்ந்து நம்மளப் பார்த்துக்கிட்டிருக்கார், இரு.”

வாக்கரைத் தொடாமல், உட்கார்ந்தபடியே கை நீட்டி, கட்டில் சட்டத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கேமரா மேல் வீசினாள். குறி தப்பவில்லை. திரை முழுக்க வெள்ளைத் துண்டும் அதன் நீலக் கரையும்தான். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.